காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால்: தற்செயல் ஒற்றுமைகளின் கணக்கு

2009 செப்டம்பர் 6ஆம் தேதி பல்கேரியாவின் தேசிய லாட்டரிக் குலுக்கலில் 4, 15, 23, 24, 35, 42 என ஆறு எண்கள் விழுந்தன. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, அடுத்த குலுக்கல். விழுந்தது அதே ஆறு எண்கள்தான், வரிசை மட்டும் வேறு. முதல் குலுக்கலில் ஆறு எண்களையும் சரியாக எழுதியவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாவதில் 18 பேர். மோசடி என்று பேச்சு கிளம்பியது. விளையாட்டுத் துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். முறைகேடு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த மாதிரிச் செய்தியைப் படித்ததும் இரண்டில் ஒன்று தோன்றும். "இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது" என்பது ஒன்று. "இது மேலே இருப்பவன் கணக்கு" என்பது மற்றொன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மூன்றாவதாகவும் ஒன்றை நம் ஊரில் சொல்வார்கள். காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை, ஆனால் ஒன்றால் மற்றொன்று நடக்கவில்லை. அழகான பழமொழி. அதற்கு அடுத்த கேள்வியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்: இப்படி ஒன்று எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும்? அதற்கு அந்தப் பனங்காட்டில் எத்தனை காக்கை, எத்தனை மரம், எத்தனை பழுத்த பழம் என்று முதலில் எண்ண வேண்டும்.

எந்தக் கேள்வியைக் கேட்கிறோம்?

நிகழ்தகவு என்பது ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண். ஆறு முகம் கொண்ட பகடையை உருட்டினால் 3 விழ வாய்ப்பு ஆறில் ஒன்று. இதில் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது, நடந்து முடிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு "இதற்கு எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்கும்போதுதான்.

உதாரணத்துக்கு, 49 எண்களிலிருந்து 6 எண்களை எடுக்கும் ஒரு குலுக்கலை வைத்துக்கொள்வோம். ஆறு எண்கள் சேரும் விதங்கள் மொத்தம் 1,39,83,816. ஏறத்தாழ 1.4 கோடி. இப்போது மூன்று கேள்விகள்.

1. இந்த வாரம் விழுந்த எண்களே அடுத்த குலுக்கலிலும் விழுமா? வாய்ப்பு 1.4 கோடியில் ஒன்று.

2. இந்த லாட்டரியின் வரலாற்றில் ஏதாவது இரண்டு குலுக்கல்கள் ஒன்றுபோல் அமையுமா? 4,404 குலுக்கல்கள் நடந்திருந்தால், அமைந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். வாரத்துக்கு இரண்டு குலுக்கல் என்றால் ஏறத்தாழ 42 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை வந்துவிடும்.

3. உலகில் இப்படிப்பட்ட 200 லாட்டரிகள் 50 ஆண்டுகளாக வாரம் இருமுறை நடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், எங்கேயாவது, எப்போதாவது, அடுத்தடுத்த இரண்டு குலுக்கல்கள் ஒன்றுபோல் அமையுமா? பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குலுக்கல்கள். வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம்.

மூன்றும் ஒரே கேள்வி போலத்தான் காதில் விழுகின்றன. விடையோ 1.4 கோடியில் ஒன்றிலிருந்து பாதிக்கு மேல் வரை போகிறது. செய்தித்தாள்கள் எடுத்துப் போடுவது முதல் விடையை. நம்மை அந்தச் செய்தி வந்தடையக் காரணமாக இருப்பது மூன்றாவது. பல்கேரியாவில் அல்லாமல் பெருவில் இது நடந்திருந்தாலும், 2009இல் அல்லாமல் 1994இல் நடந்திருந்தாலும், இதே அளவு வியந்திருப்போம். அப்படியானால் கணக்கில் அந்த ஊர்களையும் ஆண்டுகளையும் சேர்த்துத்தானே ஆக வேண்டும்?

சரி, அந்த 18 பேர்? போன தடவை விழுந்த எண்களையே மறுபடி எழுதுவது லாட்டரி வாங்குகிற பலருக்குப் பழக்கம். அதனால், எண்கள் திரும்பி வரும் நாளில் வென்றவர் தலை கூடுதலாக இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே.

23 பேர் இருக்கும் அறை

ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு? பெரும்பாலானோர் 365இல் பாதி என்று 180க்குப் பக்கத்தில் சொல்வார்கள். சரியான விடை 23.

நம்ப முடியாதவர்கள் கணக்கைப் போட்டே பார்க்கலாம், கால்குலேட்டர் போதும். ஒரே நாள் வராமல் இருக்கும் வாய்ப்பைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் ஆளுக்கு எந்த நாளும் சரி. இரண்டாம் ஆள் அவரோடு மோதாமல் இருக்க 364/365. மூன்றாம் ஆள் அந்த இருவரோடும் மோதாமல் இருக்க 363/365. நான்காம் ஆளுக்கு 362/365. ஒவ்வொரு பின்னமும் 1க்கு மிக அருகில்தான் இருக்கிறது, ஆனால் பெருக்கப் பெருக்கத் தேய்கிறது. பத்து பேர் வரும்போது 0.88 ஆகியிருக்கும். இருபத்து மூன்றாம் ஆளோடு 0.493. ஆக, யாராவது இருவருக்கு ஒத்துப்போகும் வாய்ப்பு 50.7 சதவீதம். 40 பேர் உள்ள வகுப்பறையில் இது 89 சதவீதம். 50 பேர் என்றால் 97.

நம் ஊகம் இவ்வளவு தூரம் தவறக் காரணம், நாம் ஆட்களை எண்ணுகிறோம், ஜோடிகளை எண்ணுவதில்லை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனி வாய்ப்பு. "என் பிறந்தநாளில் பிறந்த இன்னொருவர் இருக்கிறாரா?" என்று கேட்டால் மற்ற 22 பேரில் ஒருவர் அமைய 6 சதவீதம்தான் வாய்ப்பு. அது பாதியாக வேண்டுமானால் உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். நாம் மனத்துக்குள் போடுவது "என்னோடு" என்ற கணக்கு. நடப்பதோ "யாரோ இருவர்" என்ற கணக்கு.

2014இல் பிரேசிலில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்தில் 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். அளவெடுத்துத் தைத்தது போன்ற சோதனை. 16 அணிகளில் ஒரே பிறந்தநாள் கொண்ட இருவராவது இருந்தார்கள். சரிபாதி.

"கிட்டத்தட்ட" என்பதையும் நாம் ஒற்றுமையாக ஏற்றுக்கொள்கிறோம் என்பதால் வாய்ப்பு இன்னும் எகிறும். ஒரே நாள் அல்லது ஒரு நாள் முன்பின் போதும் என்றால் 14 பேர் போதும். ஒரு வாரம் முன்பின் என்றால் 7 பேர். ஒரு சாதாரணக் குடும்பத்திலேயே அத்தனை பேர் இருப்பார்கள்.

இந்தக் கணக்கு எல்லா நாளிலும் ஒரே அளவில் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி இல்லை, அதனால் ஒற்றுமை கூடத்தான் செய்யும். நம் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதி வைக்காத காலத்தில், பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது முடிந்ததாகக் காட்டத் தலைமையாசிரியரே மே, ஜூன் என்று ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையின் சான்றிதழ்களை அடுக்கிப் பார்த்தால் 23 பேர்கூடத் தேவைப்படாது.

கூட்டம் பெரிதானால்

1985–86இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பெண் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை லாட்டரியில் பெரும்பரிசு வென்றார். 17 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று செய்தி வெளியானது. அந்த எண் தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே பெயர் குறித்துவைத்த ஒரு நபர், இரண்டு குலுக்கல்களுக்கு மட்டும் தலா ஒரு சீட்டு வாங்கி, இரண்டிலும் வெல்வதற்கான வாய்ப்பு அது. அமெரிக்கா முழுக்கக் கோடிக்கணக்கானோர் வாரந்தோறும் சீட்டு வாங்குகிறார்கள், ஒருமுறை வென்றவரும் நிறுத்துவதில்லை. பர்டூ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் இருவர் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அந்த நாட்டில் எங்கேயாவது ஒருவர் இரண்டாம் முறை வெல்ல, ஏழு ஆண்டுக் காலத்தில் பாதிக்கு மேல் வாய்ப்பு. நான்கே மாதம் என்று சுருக்கினாலும் முப்பதில் ஒன்று.

பெர்சி டயகோனிஸ், ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1989இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் "மெய்யாகவே பெரிய எண்களின் விதி" எனலாம். கூட்டம் போதுமான அளவு பெரிதாக இருந்தால், எவ்வளவு விசித்திரமானதும் எங்கேனும் நடந்துவிடும் என்பது அதன் சாரம். டயகோனிஸ் இளமையில் தொழில்முறை மேஜிக் கலைஞராக இருந்தவர். மனிதர்கள் எந்த இடத்தில் அசந்துபோவார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

இதை நமக்கு நெருக்கமான ஓர் அனுபவத்தில் வைத்துப் பார்ப்போம். "முந்தின ராத்திரி பெரியப்பா இறந்துபோவதாகக் கனவு கண்டேன், விடிந்ததும் போன் வந்துவிட்டது." இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் நடுங்கிப்போயிருப்பதும் உண்மை. கணக்கு இப்படிப் போகிறது:

1. தமிழ்நாட்டில் 5 கோடி பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

2. ஒவ்வொருவருக்கும் பத்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, நெருங்கிய ஒருவர் இறப்பதாகக் கனவு வருகிறது. அதே பத்து ஆண்டுகளில் அந்த நெருங்கியவர் உண்மையாகவே இறக்கிறார். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

3. பத்து ஆண்டு என்பது ஏறத்தாழ 3,650 இரவுகள். கனவு வந்த இரவும் மரணத்துக்கு முந்தின இரவும் ஒன்றாக இருக்க 3,650இல் ஒரு வாய்ப்பு.

4. 5 கோடியை 3,650ஆல் வகுத்தால் 13,700 பேர் வருகிறார்கள். ஆண்டுக்கு 1,370. நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 பேர்.

எந்தச் சக்தியும் இல்லாமல், வெறும் தற்செயலால் மட்டும், தினமும் நான்கு வீடுகளில் இப்படி நடக்கும். வைத்துக்கொண்ட எண்களை நீங்கள் மாற்றிப் பார்க்கலாம். கனவு இருபது ஆண்டுக்கு ஒருமுறைதான், இறப்பும் அதே இருபது ஆண்டுகளில் ஒன்றுதான் என்றாலும் நாளுக்கு ஒருவர் மிஞ்சுவார். இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸுக்கே இது போன்ற ஒன்று நேர்ந்தது. நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது பல ஆண்டுகளாக நினைவுக்கு வராத கல்லூரிக் கால நண்பர் ஒருவரின் ஞாபகம் வந்தது, சில நிமிடத்தில் அதே இதழில் அவருடைய மரணச் செய்தி. 1965இல் அவர் அதைக் கணக்கிட்டே எழுதினார்: அமெரிக்காவில் நாளொன்றுக்குப் பத்து பேருக்காவது இப்படி நேரும் என்று.

கணக்கு தெரிந்துவிட்டதால் பெரியப்பாவை இழந்தவரின் துக்கம் குறையப்போவதில்லை. ஆனால் "கனவு வந்ததே, சொல்லாமல் விட்டுவிட்டேனே" என்று காலமெல்லாம் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுமையை இறக்கிவைக்க இந்தக் கணக்கு உதவும்.

ஆயுசு நூறு

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் வந்து நிற்கிறார். "உங்களுக்கு ஆயுசு நூறு" என்கிறோம். இங்கே வேலை செய்வது நம் ஞாபகம். நடக்கக்கூடியவை நான்கு:

1. அவரைப் பற்றிப் பேசினோம், வந்தார்.
2. பேசினோம், வரவில்லை.
3. பேசவில்லை, வந்தார்.
4. பேசவும் இல்லை, வரவும் இல்லை.

முதலாவதற்கு மட்டும் ஒரு வாசகம் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் சொல்ல எதுவும் இல்லாததால் அவை மனத்தில் தங்குவதே இல்லை. ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் நான்கையும் குறித்து வைத்துப் பாருங்கள், இரண்டாவது கட்டம் பக்கத்தையே நிரப்பிவிடும். ஜோசியம், பல்லி சொல், குறுக்கே போன பூனை எல்லாவற்றையும் இந்த நான்கு கட்டத்தில் போட்டுப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் காரணம்

எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளிவிடுவதும் தவறு. பல "தற்செயல்களுக்கு" அடியில் ஒரு பொதுக் காரணம் ஒளிந்திருக்கிறது.

வயலெட் ஜெஸாப் என்ற கப்பல் பணிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1911இல் ஒலிம்பிக் கப்பல் ஒரு போர்க்கப்பலோடு மோதியபோது அதில் இருந்தார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்து தப்பினார். 1916இல் பிரிட்டானிக் மூழ்கியபோது அதிலும் இருந்து தப்பினார். கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் மூன்றும் ஒரே நிறுவனம் கட்டுவித்த சகோதரக் கப்பல்கள், அவர் அந்த நிறுவனத்தின் கப்பல்களில் வேலை பார்த்தவர். உலகின் ஏதோ மூன்று கப்பல்களில் அவர் ஏறவில்லை.

ராய் சல்லிவன் 1942க்கும் 1977க்கும் இடையே ஏழு முறை மின்னலால் தாக்கப்பட்டுப் பிழைத்தவர். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில், மலைப் பகுதியில், வனக் காவலராக வாழ்நாளைக் கழித்தவர். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வாய்ப்பை ஏழு முறை பெருக்கி அவருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் ஏழு என்பது பெரிய எண்தான், அதை மறுப்பதற்கில்லை.

சுத்தோமு யமகுச்சியின் கதையில் காரணமும் தற்செயலும் பின்னிக்கிடக்கின்றன. அவர் நாகசாகியைச் சேர்ந்த மிட்சுபிஷி பொறியாளர். வேலை நிமித்தம் ஹிரோஷிமா போயிருந்தவர், 1945 ஆகஸ்ட் 6 அன்று அங்கே அணுகுண்டில் காயப்பட்டார். ஊர் திரும்பி, ஆகஸ்ட் 9 காலை அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாவது குண்டு விழுந்தது. இரண்டுமே அந்த நிறுவனத்தின் ஆலைகள் இருந்த தொழில் நகரங்கள். குண்டுவீச்சுக்கு அப்படிப்பட்ட நகரங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இது காரணம். ஆனால் அன்றைய முதல் இலக்கு கொக்குரா. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. இது தற்செயல். யமகுச்சி 93 வயது வரை வாழ்ந்து 2010இல் மறைந்தார்.

கணக்கு தவறினால் சிறை

இதுவரை பார்த்தது வியப்பின் கதை. இதே தவறு நீதிமன்றத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு சாட்சி. அவர் ஒரு வழக்கறிஞர். அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள் 1996இலும் 1998இலும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. கொலை என்று வழக்கு. நோயோ காயமோ தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்பார்கள். அவருடையது போன்ற குடும்பத்தில் அது 8,543இல் ஒன்று, இரண்டு முறை நடக்க 8,543 × 8,543, அதாவது 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 1999இல் ஆயுள் தண்டனை விழுந்தது. அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள்.

1. இரண்டு நிகழ்வுகளின் வாய்ப்பைப் பெருக்கலாம் என்றால் ஒன்று மற்றொன்றைத் தொடாதிருக்க வேண்டும். இவற்றைச் சார்பிலா நிகழ்வுகள் என்பார்கள். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே வீடு, ஒரே மரபணு. ஒரு குழந்தை அப்படி இறந்த வீட்டில் இன்னொன்றுக்கும் ஆபத்து கூடுதலாக இருக்கலாம். பெருக்கியதே தவறு.

2. பெருக்கியது சரி என்றே வைத்துக்கொண்டாலும், "நிரபராதியாக இருந்தால் இப்படி நடக்க 7.3 கோடியில் ஒன்று" என்பது "இவர் நிரபராதியாக இருக்க 7.3 கோடியில் ஒன்று" ஆகாது. நேர்மையாகச் சீட்டு வாங்கி லாட்டரியில் வெல்ல 1.4 கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு. அதற்காக வென்றவர் எல்லோரும் திருடர்களா? பெற்ற தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரியவற்றையும் எதிரெதிரே வைத்து எது கூடுதல் என்று பார்த்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் 2001இல் இந்த எண்ணுக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்த்தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு மறைக்கப்பட்டதும் பின்னர் தெரியவந்தது. 2003 ஜனவரியில் விடுதலை. அந்த மூன்று ஆண்டுகளிலிருந்து அவர் மீளவே இல்லை. 2007இல் இறந்தார். வயது 42.

நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற செவிலியருக்கு நடந்ததும் இதே வகை. அவர் பணியில் இருந்த நேரங்களில் நோயாளிகள் இறப்பதும் மோசமாவதும் அதிகம், அது தற்செயலாக அமைய 34.2 கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு என்று கணக்குக் காட்டினார்கள். 2003இல் ஆயுள் தண்டனை. எந்தச் சம்பவம் "சந்தேகத்துக்குரியது" என்று தேர்ந்தெடுத்தபோதே அவர் அங்கே இருந்தாரா என்பது தெரிந்திருந்தது. அம்பை எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போட்ட கதைதான். மற்ற புள்ளியியலாளர்கள் திரும்பக் கணக்கிட்டபோது அந்த 34.2 கோடி சில பத்துகளில் ஒன்றாகச் சுருங்கியது. 2010இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானது.

எப்போது சந்தேகப்படலாம்?

அப்போது சந்தேகப்படவே கூடாதா? கூடும். பென்சில்வேனியா மாநில லாட்டரியின் மூன்று இலக்கக் குலுக்கலில் 1980 ஏப்ரல் 24 அன்று 666 விழுந்தது. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பல்கேரியாவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதுதான் மோசடி.

மாட்டிக்கொண்டது எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். 4, 6 என்ற எண்கள் கொண்ட பந்துகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் பெயின்ட் ஏற்றிக் கனமாக்கியிருந்தார்கள். காற்றில் எழும்பி மேலே வரக்கூடியவை லேசான இந்த இரண்டும்தான். அப்படியானால் விழக்கூடியவை 444, 446, 464, 466, 644, 646, 664, 666 என்று எட்டே எட்டு. குலுக்கலுக்கு முன்பே இந்த எட்டின் மேல் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்திருந்தது. 666 என்ற விசித்திரமான எண் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. குலுக்குவதற்கு முன்பே வாங்கப்பட்ட சீட்டுகள் காட்டிக்கொடுத்தன.